கணவாய் ஏறினால் விழுகிற முள்

“உனக்கு வேற சோலி இல்லையாடி? ஓசூர்ல அம்புட்டுப் பெரிய லாரிக் கம்பெனியில வேலை குடுத்து வச்சிருக்கான். அங்க இருக்கிற இன்ஜினைப் பாக்காம, கெழவிகிட்ட வந்து ஆயில் பிரஷரைப் பத்திக் கேக்குற” என்று பேத்தியைத் திட்டினேன். போனில்தான் திட்டினேன். நேரில் வந்து திட்டு வாங்க அவளுக்கு லீவு கிடைப்பதில்லை.

அவள் விடவில்லை. “சொல்லு அம்மாச்சி. எங்களுக்கு ஒயரைச் சொருகினா மெஷினே எழுதிக் காட்டிருது. அது இல்லாதப்ப எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“கண்டுபிடிச்சவரு வேற ஆளு. நான் சாமான் கழுவுனவ. கழுவுறவளுக்கு அழுக்குதான்டி தெரியும்.”

அவளுக்கு யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். நான் மட்டும் அந்தக் கதையைச் சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். சுவர் நடுவில் எழுந்து போகாது, அது ஒரு வசதி. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை.

என் பெயர் பேச்சியம்மாள். காளவாசலுக்குப் பக்கத்தில் பைபாஸ் ரோட்டை ஒட்டி ஒரு லாரிப் பட்டறை இருந்தது. பிரித்துப் போடுகிற இன்ஜின் சாமான்களை டீசலில் கழுவுவது அங்கே என் வேலை. தலை நரைக்கும் முன்னால் சேர்ந்தேன், நரைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது வெளியே வந்தேன். சேர்ந்த விதம் வேடிக்கையானது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு கொண்டுபோனவர் திரும்பவில்லை. லாரியை வேறொருத்தர் ஓட்டிக்கொண்டு வந்தார். அது அந்தப் பட்டறையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு விசாரிக்கப் போனேன். லாரிக்கு அடியிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகுதான் பேசினார்.

“அவன் அங்கயே குடும்பம் வச்சுக்கிட்டான்மா. வர மாட்டான். பொய் சொல்லி உன்னை அலைய விட எனக்கு மனசு இல்ல.”

அவர்தான் தலைமை மெக்கானிக் காசிம் பாய். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “சாமான் கழுவ ஆள் வேணும். வாரியா?” என்றார். புருஷனைத் தேடிப் போய் டீசல் தொட்டியைக் கண்டுபிடித்தவள் நான். தொட்டி ஒருநாளும் என்னைவிட்டுப் போகவில்லை.

பட்டறையின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குக் கீழே என் தொட்டி. முன்னால் ஆண்கள் சிரித்துப் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. வேலை பழக ஒரு மழைக்காலம் ஆயிற்று. ஒரு தடவை பெரிய போல்ட் ஒன்றைக் கழுவி வைத்தேன். பாய் எடுத்து மரையில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “பேச்சிம்மா, குளிக்க வச்சிருக்க, தலை தொவட்டலையே” என்றார். அதற்குப் பிறகு கம்பி விட்டு, காத்தடித்து, ஓட்டை ஓட்டையாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறினால் என் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருக்கும். மேலெல்லாம் டீசல் வாடை. எம்புட்டுக் கூட்டம் இருந்தாலும் இரண்டு பேர் சீட்டில் ராணி மாதிரி ஒருத்தியே உட்கார்ந்து விளாங்குடிவரைக்கும் போவேன்.

பாயின் தோரணையைச் சொல்ல வேண்டும். லாரி வந்து நின்றதும் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரோடு பாய்வார்கள். பாய் டிரைவரை ஸ்டூலில் உட்காரவைப்பார், டீ சொல்வார். தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேள்வி கேட்பார். குரல் உயராது. அவர் பேசினால் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கிறவன் சுத்தியலை நிறுத்த வேண்டும், அப்போதுதான் கேட்கும். ‘வெளியே பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்த பிறகே உள்ளே’ என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. இன்ஜினிலிருந்து எது வந்தாலும், ஒரு துரும்பு என்றாலும், கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் வைத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுவார். “அவன் வண்டி. அவன் பாக்கணும்” என்பார்.

ஆயில் பிரஷர் குறைந்த வண்டிகள் நிறைய வந்து போயிருக்கின்றன. இன்ஜினுக்குள் ஆயிலை ஒரு பம்பு தள்ளிக்கொண்டே இருக்கிறது, அந்த வேகம் குறைந்தால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற மீட்டரில் முள் கீழே இறங்கும். அப்படியே ஓட்டினால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஒரு புத்திசாலி டிரைவர் முள்ளைத் தூக்குவதற்காக, கெட்டியாக இருக்கட்டும் என்று கியர் ஆயிலை வாங்கி ஊற்றிவிட்டான். முள் நன்றாக எழுந்து நின்றது. மறுநாள் காலையில் குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டபோது பில்டர் வெடித்து அவன் வெள்ளைச் சட்டை முழுவதும் கறுப்பு. “பிரஷர் வந்துருச்சா மாப்ள?” என்று மட்டும் பாய் கேட்டார்.

ஆனால் ஒச்சுவின் லாரி அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை.

அப்போது மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தேன். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் போதும் என்று ஆகிவிட்டது. ஒருநாள் காலையில் உசிலம்பட்டிப் பக்கத்து லாரி ஒன்று உள்ளே வந்தது. உலகத்தைப் பல சுற்றுச் சுற்றிய அளவுக்கு ஓடிய பழைய வண்டி. ஓட்டி வந்தவன் அதன் சொந்தக்காரன் ஒச்சு, முப்பது வயதிருக்கும். கேபினில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் ராசாத்தி. மடியில் ஒரு துணிப்பை, பிதுங்கப் பிதுங்க அடைத்த பை. இறங்கச் சொன்னபோதும் அந்தப் பையோடுதான் இறங்கினாள்.

பாய் டீ சொன்னார். “சொல்லு மாப்ள, என்ன செய்யுது?”

“முள்ளு விழுகுது பாய். மூணு பட்டறையில காட்டிட்டேன். பேரிங் தேஞ்சுபோச்சு, கிராங்குத் தண்டைக் கடைசல் போடணும், இன்ஜினை மொத்தமாப் பிரிக்கணும்னு எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்றாங்க. நீங்களும் அதையே சொன்னீங்கன்னா வண்டியை வித்துட்டுப் பனியன் கம்பெனிக்குப் போயிருவேன்.”

“பொண்டாட்டி?”

“அவளை இன்னைக்கே சோழவந்தான்ல அவுக அப்பன் வீட்டுல எறக்கிவிடத்தான் போறேன். வழியில முள்ளு விழுந்துருச்சு, இங்க வந்துட்டேன். இவ வீட்டுக்குள்ள கால் வச்சதுல இருந்துதான் பாய் வண்டி இப்படி. எங்க ஆத்தா சொல்லிக்கிட்டே இருக்கு.”

ராசாத்தி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“கால் வச்சதை விடு. முள்ளு எப்ப விழுகுது? காலையில ஸ்டார்ட் பண்ணின ஒடனேயா?”

“இல்ல பாய். லோடோட ஆண்டிபட்டி கணவாய் ஏறுறப்ப. சூடாகி, ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சா சமதரையிலயும் விழுகுது.”

“விழுந்தா என்ன பண்ணுவ?”

“ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிப்பேன். திரும்ப எடுத்தா முள்ளு பழையபடி நிக்கும். கொஞ்ச தூரம் போனா மறுபடி விழும்.”

பாய் தன் டீயைக் கீழே வைத்தார். “தேஞ்ச பேரிங்கு நீ டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள வளந்திருமா மாப்ள?”

பாயே சொன்னார், “பேரிங் தேஞ்சா முள்ளு படுத்துக்கும். சூடு இருக்கிறவரைக்கும் எந்திரிக்காது. இது விழுந்து எந்திரிக்குது. யாரோ உள்ள ஒளிஞ்சு வெளையாடுறாங்க.”

ஆனாலும் அவர் சட்டத்தை விடவில்லை. முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். அளவு சரி. ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார், டீசல் கலந்து தண்ணியாகியிருக்கிறதா என்று. பிறகு பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் கலந்திருந்தால் ஓரத்தில் வெளிறிய வளையம் விடும். வளையம் இல்லை. பில்டரைக் கழற்றி அறுத்து, மடிப்பை விரித்து வெயிலில் காட்டினார். பேரிங் அரைபட்டிருந்தால் தங்கப் பொடி மாதிரி மினுங்கும். மினுங்கவில்லை. பிரஷரைக் கட்டுப்படுத்துகிற வால்வைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கழுவிக் கொடுத்தேன். ஸ்பிரிங் ஒடியவில்லை, அதற்குள் இருக்கிற குட்டிப் பிஸ்டன் சிக்காமல் ஏறி இறங்கியது.

“மீட்டரே பொய் சொல்லுதோ என்னமோ” என்றான் முருகேசன். அவன் பாய்க்கு அடுத்த மெக்கானிக்.

அதற்கும் பாய் ஒரு வழி வைத்திருந்தார். வண்டியின் மீட்டரை நம்பாமல், தன் சொந்த மீட்டரை நீளச் செம்புக் குழாயோடு இன்ஜினில் முறுக்கி, ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து கண்ணாடி ஓரத்தில் கட்டினார். பக்கத்து இரும்புக் கடையில் லோடு ஏற்றச் சொன்னார். ஒச்சு ஓட்ட, பாய் மீட்டரைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார, லாரி ஆண்டிபட்டி பார்த்துக் கிளம்பியது. ராசாத்தி கிளம்பவில்லை. பையோடு மரத்தடியில் நின்றாள்.

“இங்க வாடி. பையைக் கொண்டு வந்து பக்கத்துல உக்காரு. ஒன் பையை எடுத்துக்கிட்டு நான் ஓடுனா பாதி வழியில பிடிச்சிருவ” என்றேன்.

சிரிக்காமல் வந்தாள். என் தொட்டிக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. என் புருஷன் ஓடிப்போன கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். அந்தக் கதையை நான் சிரிப்பாக மட்டும்தான் சொல்வேன்.

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?”

“அக்காங்குற. ஒங்கம்மா வயசுடி எனக்கு. கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் சாமான் நிறையச் சேந்துபோச்சு, கழுவணும்ல.”

மத்தியானம் என் தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோற்றை ஆளுக்குப் பாதியாக வைத்தேன். அப்போதுதான் பேசினாள். கல்யாணமான புதிதில் அவர்கள் ஊர் லாரி ஒன்று கணவாயில் கவிழ்ந்து, ஓட்டினவன் செத்துப்போனான். அதிலிருந்து ஊரில் லாரி வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் பயம். ஸ்டியரிங்கிலும் கண்ணாடியிலும் எலுமிச்சம்பழம், கயிறு, முடிச்சு என்று கட்டித் தொங்கவிட்டார்கள். ஒச்சுவின் ஆத்தாவும் கட்டியது. அதில் ஒரு எலுமிச்சம்பழம் அறுந்து விழுந்து, உருண்டு போய் பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எப்படியோ தப்பித்தவன் வீட்டுக்கு வந்து, தொங்கிய எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தான். இனிமேல் என் வண்டியில் எவளாவது எதையாவது கட்டினால் கையை முறித்துவிடுவேன் என்று ஆத்தாளையும் பெண்டாட்டியையும் சேர்த்து நிறுத்திச் சொன்னானாம்.

“அவரு சொன்னதும் நியாயம்தானே” என்றாள் ராசாத்தி. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பொழுது சாய லாரி திரும்பி வந்தது. பாய் இறங்கி, “என் மீட்டர்லயும் விழுந்துச்சு. ஆஃப் பண்ணி எடுத்தா எந்திரிச்சிருச்சு. பம்புக்கு ஆயில் போகல. வாயில ஏதோ வந்து அடைக்குது, நிறுத்துனா விலகிக்குது. நாளைக்குச் சம்பை எறக்குவோம்” என்றார். சம்ப் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்குகிற தொட்டி. அதற்குள் ஒரு சல்லடை இருக்கும், அதன் வழியாகத்தான் பம்பு ஆயிலை உறிஞ்சும்.

ஒச்சு வண்டியிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னான். பெண்டாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அவளை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஆள் இருந்தது. வீட்டில் இரண்டாவது தட்டைத் தேடி எடுத்துக் கழுவினேன். எதிர்வீட்டுக்காரிகள், “யாருக்கா இது, மகளா?” என்று எட்டிப் பார்த்தார்கள். “ஆமா, நேத்துதான் பெத்தேன்” என்றேன். ராசாத்தி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

காலையில் பாயும் முருகேசனும் வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலை வடித்துச் சம்பை இறக்கினார்கள். சல்லடையோடு ஆயில் உறிஞ்சுகிற குழாயைக் கழற்றி வழக்கம்போல என் தொட்டிக்கு அனுப்பினார்கள். ராசாத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சல்லடையில் கறுப்பாக என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து டீசலில் அலசினேன். துணி. சின்ன முடிச்சு, அதிலிருந்து நீளமாக ஒரு வால். கறுப்பு கரையக் கரைய மஞ்சள் தெரிந்தது. முடிச்சை நசுக்கினால் உள்ளே களிமண் மாதிரி இருந்தது. திருநீறு.

வால் ஆயிலில் மிதந்திருக்கிறது. இன்ஜின் வேகமெடுத்து உறிஞ்சும்போது போய்ச் சல்லடையில் அப்பிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் கீழே விழுந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை, வீட்டில் அண்டாவிலிருந்து ரப்பர் குழாயில் தண்ணீர் உறிஞ்சுகிற எவளுக்கும் தெரியும்.

ராசாத்தி பக்கம் முடிச்சை நீட்டினேன். “ஏண்டி கள்ளி. கண்ணாடியில கட்டாதன்னு சொன்னா, கொண்டுபோய் இன்ஜின் வயித்துக்குள்ள போட்டியா?”

அவள் முடிச்சைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “இது என்னோடது இல்லக்கா” என்றாள்.

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல. இது அத்தையோட மஞ்சத்துணி. கோயில்ல அத்தை வாங்குனது.” குரலைத் தாழ்த்தினாள். “என்னோடது பச்சை. என் கல்யாணச் சேலை முந்தானையில கிழிச்சது.”

ஆக, அந்த வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், அவன் கண்ணில் படாத இடமாகத் தேடித் தேடி, ஒரே ஓட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த வண்டியில் ஆயில் ஊற்றுகிற வாய் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கும். மூடியைக் கையாலேயே திருகிவிடலாம். குழாய் சற்று வளைந்து சம்புக்குள் இறங்கும்.

“சம்புல இது ஒன்னுதான் இருந்துச்சு. ஒன்னோடது எங்க?”

“தெரியலக்கா. அவருகிட்ட சொல்லிராதீங்க. இதைச் சாக்கா வச்சு என்னைய விட்டுருவாரு.” பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மஞ்சள் முடிச்சைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். அவர் கோணிச்சாக்கில் சம்பையும் சல்லடையையும் வைத்திருந்தார். பம்பைப் பிரித்துப் பார்த்திருந்தார். ஒரு பேரிங்கையும் கழற்றிப் பார்த்து, “வயசாயிருக்கு, ஆனா இன்னும் ஓடும்” என்று வைத்திருந்தார். முடிச்சைச் சல்லடைக்குப் பக்கத்தில் வைத்து ஒச்சுவைக் கூப்பிட்டார்.

ஒச்சு குனிந்து பார்த்தான். எடுத்து மோந்து பார்த்தான். “இது எங்க ஆத்தா முடிச்சு” என்றான்.

முருகேசன் சிரிக்கப் போனான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒச்சுவிடம் மெதுவாகச் சொன்னார், “நீ நல்லபடியாத் திரும்பி வரணும்னு உங்க அம்மா போட்டிருக்கு. அது சல்லடையில போய் அடைச்சிருக்கு. வண்டிக்கு வந்தது இம்புட்டுத்தான் மாப்ள. எவ கால் வச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

ஒச்சு முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “மூடுங்க பாய். கெளம்பணும்” என்றான். எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

சம்பைக் கழுவிக் கொடுத்தேன். ஆயில் கசியாமல் இருக்கப் புது கேஸ்கட் வைத்து மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பச்சை முடிச்சு எங்கோ உள்ளே இருக்கிறது. இப்படியே மூடினால் இன்னொரு நாள் கணவாயில் முள் விழும். அன்றைக்கு எந்தப் பாயும் பக்கத்தில் இருக்க மாட்டார். இருக்கிறது என்று சொன்னால் இவள் பையோடு சோழவந்தானில் இறங்குவாள்.

“அண்ணே, அந்த ஆயில் ஊத்துற குழாயைக் கழட்டிக் குடுங்க. கழுவணும்” என்று பாயிடம் சொன்னேன்.

“அக்கா, வெளிய இருக்கிற குழாய்ல என்னக்கா இருக்கப் போகுது?” என்றான் முருகேசன். ஒச்சுவும், “நேரமாகுது, விடுங்க” என்றான்.

“எனக்குத் தூக்கம் வராது தம்பி. எல்லாச் சாமானையும் குளிக்க வச்சுட்டு அதை மட்டும் அழுக்கா விட்டா, அது ராத்திரி கனவுல வந்து அழும்.”

பாய் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகரக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே ராசாத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கழட்டிக் குடு” என்றார் முருகேசனிடம்.

தொட்டிக்கு எடுத்து வந்து குழாயில் கம்பியை விட்டேன். வளைவில் தட்டியது. குத்தினேன், வரவில்லை. கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து விட்டு இழுத்தேன். கறுத்துப்போன முடிச்சு ஒன்று வந்து விழுந்தது. கொஞ்சம் பெரிய முடிச்சு, அதனால்தான் இறங்காமல் சிக்கியிருக்கிறது. தேய்த்தேன். பச்சை. ஒரு ஓரத்தில் சரிகை. அதைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைக் கழுவித் துடைத்து எடுத்துப் போனேன்.

பாய் குழாயை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். “வேற ஒன்னும் இல்லையே பேச்சிம்மா?”

“அழுக்குதான் அண்ணே. வந்துருச்சு.”

அவர் கண் என் இடுப்பில் நின்றது. ஈரம் சேலையில் பரவிக்கொண்டிருந்தது. ஒரு துரும்பு என்றாலும் வண்டிக்காரனுக்குக் காட்டுகிற மனிதர். குழாயைக் கோணிச்சாக்கில் வைத்தார். “குழாய் சுத்தமா இருக்கு மாப்ள. பாத்துக்க” என்றார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஆத்தாளைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியை மட்டும் ஒளித்தது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். ஆத்தாளை எவனும் பையோடு கொண்டுபோய் இறக்கிவிட மாட்டான். அதுதான் நியாயம்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். முள் எழுந்து நின்றது. இரும்பு லோடோடு ஒச்சுவை மறுபடியும் கணவாய்வரை ஓட்டவிட்டுத் திரும்பினார் பாய். முள் அசையவில்லை. “இனி ஓடும்” என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டார்.

இரும்பை இறக்கிவிட்டு, ஒச்சு கேபினில் ஏறிக் கதவைத் திறந்து பிடித்தான். “வா” என்றான். ராசாத்தி பையோடு ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “வாரேங்கா. கட்டாயம் ஒருநாள் வந்து பாக்குறேன்” என்றாள்.

பட்டறை வாசலில் நின்றால் காளவாசல் சிக்னல் தெரியும். இடது பக்கம் திரும்பினால் உசிலம்பட்டி. நேரே போனால் கோச்சடை வழியாகச் சோழவந்தான். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். சிக்னலில் லாரி ரொம்ப நேரம் நின்றது. ஒச்சு இண்டிகேட்டர் போடுகிற ஆள் இல்லை. பச்சை விழுந்தது. லாரி கொஞ்சம் நேராக நகர்ந்தது, பிறகு பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடிக்க, இடது பக்கம் திரும்பியது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. முருகேசன் வேறு வண்டிக்கு அடியில் போய்விட்டான். பாய் தொழுகைக்குப் போய்விட்டார். தொட்டியில் நேற்றைய சாமான்கள் கிடந்தன.

ராசாத்தி வரவில்லை. ஒச்சு ஆயில் மாற்ற வருவான். “அவ எப்படித் தம்பி இருக்கா?” என்று கேட்பேன். “இருக்கா” என்பான். அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொள்வேன். போகப் போக வேறு டிரைவரைப் போட்டான், அந்த வார்த்தையும் நின்றது. பாய் வயதாகி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பச்சை முடிச்சைப் பற்றி அவர் என்னிடம் கடைசிவரைக்கும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் முடிச்சைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். டீசல் வாடை போகவில்லை. தூக்கிப் போட மனது வரவில்லை, யாருக்காகவோ வேண்டிக்கொண்டு முடிந்த முடிச்சு. வாசல் நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரிகள் தண்ணீர் பிடிக்க வந்தபோது பார்த்துவிட்டார்கள். “என்னக்கா புதுசா ஒன்னு தொங்குது? யாருக்கு வேண்டுதல்? அந்தப் பிள்ளை எங்க, போயிருச்சா?” என்று கேட்டார்கள்.

“எனக்குத்தான்டி வேண்டுதல். காலையில வேலைக்குப் போறவ சாயங்காலம் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு, ஒருத்தி தன் கல்யாணச் சேலையைக் கிழிச்சு எனக்காக முடிஞ்சு குடுத்துட்டுப் போயிருக்கா” என்று சொன்னேன்.